குருதிச் சிறுதட்டுகளில் மென்சவ்வுக் கொழுப்பின் சிதைவு

காயம் பட்ட இடத்தில் தூண்டப்படும் குருதிச் சிறுதட்டுகள், தம் மென்சவ்விலுள்ள பொஸ்போலிப்பிட்டுகளை நொதியங்களால் வெட்டி, மற்றச் சிறுதட்டுகளைக் கூட்டும் சேதிப் பொருள்களை ஆக்கும் செயல். இதில் தலையாயது பொஸ்போலிப்பேஸ் ஏ2. இந்த நொதியக் குடும்பத்தை அறிவியல் முதலில் அறிந்துகொண்டது பாம்பு நஞ்சின் வழியாகத்தான். மாத்தளை மாவட்டத்தின் உலர்ந்த வடபுறத்தில், கலேவெல, தம்புள்ளைப் பக்கத்து வயல்களில் இறங்குவோர் அஞ்சும் கண்ணாடி விரியனின் நஞ்சிலும் இது உண்டு. ஆகவே வரலாற்றையும் நஞ்சிலிருந்தே தொடங்குவது பொருந்தும்.

1902இல் பிராங்பேர்ட் நகரில் பிரெஸ்டன் கைஸ், நாக நஞ்சு லெசிதின் என்ற கொழுப்போடு சேரும்போது செங்குருதிக் கலங்களை உடைக்கும் பொருளொன்று பிறப்பதைக் காட்டினார். லெசிதினிலிருந்து ஒரு கொழுப்பமிலம் கழன்று போக எஞ்சும் லைசோலெசிதினே அது என்பது அடுத்த சில ஆண்டுகளில் தெளிவாயிற்று. ஆனால் மூலக்கூறின் எந்த இடத்திலுள்ள பிணைப்பு வெட்டப்படுகிறது என்ற வழக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது. கிளிசரோலின் இரண்டாம் இடம் என்ற தீர்ப்பு 1959, 1960 ஆகிய ஆண்டுகளில்தான் வந்தது. அந்த இரண்டாம் இடத்தில்தான் 20 காபன்களும் நான்கு இரட்டைப் பிணைப்புகளும் கொண்ட அரக்கிடோனிக் அமிலம் பெரும்பாலும் அமர்ந்திருக்கும். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்கதை முழுவதும் எளிதில் விளங்கும்.

விரியன் கடித்தவரின் குருதி உறையாமற் போவதற்கு முதற்காரணம் இந்த நொதியமன்று. நஞ்சிலுள்ள வேறு புரதங்கள் பத்தாம், ஐந்தாம் உறைதல் காரணிகளைத் தூண்டி, உறைதற் பொருள்களையெல்லாம் செலவழித்துவிடுகின்றன. ஆனாலும் சில விரியன்களின் பொஸ்போலிப்பேஸ் சிறுதட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டுவதையும் தடுக்கும். கடிபட்டவரின் குருதி உறைகிறதா என்று அறிய, ஆய்வுகூட வசதி குறைந்த கிராம வைத்தியசாலையிலும் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. சுத்தமான உலர்ந்த கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் குருதியை விட்டு, 20 நிமிடம் அசைக்காமல் நிறுத்திவைத்து, ஒரு தடவை சரித்துப் பார்ப்பார்கள். கட்டியாக நின்றால் ஆறுதல். தண்ணீராக ஓடினால் விஷமுறிவு மருந்து ஏற்றியாக வேண்டும். கருவி ஏதும் கேட்காமல் உயிர்காக்கும் இச்சோதனையை எவ்வளவு போற்றினாலும் தகும்.

சிறுதட்டுகளைக் குருதியின் தனிக் கூறாக இனங்கண்டு, குருதி உறைவதில் அவற்றின் பங்கை 1882 அளவில் விளக்கியவர் தூரின் நகரத்து ஜூலியோ பிற்சொசேரோ. குறுக்களவு 2 முதல் 3 மைக்ரோமீற்றர், கரு இல்லை, ஆயுள் 7 முதல் 10 நாள். இவற்றின் மென்சவ்வில் நிகழும் சிதைவு வெளிச்சத்துக்கு வந்தது 1970களில். 1975இல் ஹம்பேர்க், ஸ்வென்சன், சாமுவேல்சன் ஆகியோர் திரொம்பொக்சேன் ஏ2ஐக் கண்டனர். அரை நிமிடத்திலேயே பாதியாகக் குறைந்துவிடும் இப்பொருள், அதற்குள் அயலிலுள்ள சிறுதட்டுகளைத் தூண்டிவிடுகிறது. இதன் மூலப்பொருள் அரக்கிடோனிக் அமிலம். அது எங்கிருந்து வருகிறது என்பதை பில்ஸ், ஸ்மித், சில்வர் ஆகிய மூவர் கதிரியக்கக் குறியிட்ட அமிலத்தை மென்சவ்வில் ஏற்றி, திரோம்பினால் தூண்டிப் பார்த்துக் காட்டினர்: அமிலம் பொஸ்போலிப்பிட்டுகளிலிருந்து கழன்று வந்தது. 1979இல் இன்னொரு பாதையும் தெரிந்தது. பொஸ்போலிப்பேஸ் சி என்னும் வேறு நொதியம் இனோசிற்றோல் கொழுப்பை வெட்ட, சில வினாடிகளில் இருகிளிசரைட்டு பெருகுகிறது. அதிலிருந்தும் அரக்கிடோனிக் அமிலம் விடுபடலாம்.

சிறுதட்டுகள் கூடுவதைக் குறைக்கும் அஸ்பிரின், இந்தக் கொழுப்பு வெட்டப்படுவதைத் தடுப்பதில்லை. விடுபட்ட அமிலத்தைத் திரொம்பொக்சேன் ஆக்கும் வழியிலுள்ள சைக்ளோஒக்சிஜனேஸ் நொதியத்தை அது நிரந்தரமாக முடக்குகிறது. கருவில்லாத சிறுதட்டால் புதிய நொதியத்தை வேண்டிய அளவு ஆக்க இயலாது; எனவே ஒரு சிறிய குளிசையின் விளைவு அச்சிறுதட்டின் ஆயுள் முடியும்வரை நீடிக்கிறது. மாரடைப்பு வந்தவர்களுக்கு நாளாந்தம் சிற்றளவு போதுமாயிருப்பது இதனால்தான். அஸ்பிரினின் செயலை 1971இல் விளக்கிய ஜோன் வேனும், சாமுவேல்சன், பேர்க்ஸ்ட்ரோம் ஆகிய இருவரும் 1982இல் நோபெல் பரிசைப் பகிர்ந்தனர்.

மாத்தளையின் ஈரமான மலைச்சரிவுகளில் விளைந்து, முற்றத்துச் சாக்கில் பச்சை மொட்டு கபில நிறமாகும்வரை காயும் கராம்புக்கும் இதில் ஓர் இடமுண்டு. அதன் எண்ணெயில் பெரும்பங்கான யூஜெனோல், சிறுதட்டுகள் திரொம்பொக்சேன் ஆக்குவதைத் தடுக்கிறது என 1990 அளவில் டென்மார்க்கின் ஓடென்சேயில் சிறிவஸ்தவா கண்டார். இது சோதனைக் குழாயில் கண்ட முடிவு. கராம்பை அஸ்பிரினுக்கு மாற்றாகக் கொள்வது ஆபத்து.

வரலாற்றில் மிக வியப்பான திருப்பம் 1989இல் நேர்ந்தது. மனிதச் சிறுதட்டுகளின் உள்மணிகளிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பொஸ்போலிப்பேஸ் ஏ2, அமைப்பில் விரியன் நஞ்சு நொதியத்தின் நெருங்கிய உறவாக இருந்தது. நம் உடல் அதைப் பற்றீரியாக்களைக் கொல்லவும் பயன்படுத்துகிறது. அரக்கிடோனிக் அமிலத்தை விடுவிப்பதும் இதுவே என்று பலர் நம்பினர். ஆனால் 1991இல், அதைப்போல் ஏறக்குறைய ஆறு மடங்கு பெரிய, குழியவுருவில் இருந்து கல்சியம் ஏறும்போது மென்சவ்வில் போய் ஒட்டும் வேறொரு ஏ2 நொதியத்தின் மரபணு பிரித்தறியப்பட்டது. 2008இல், இந்தப் பெரிய நொதியம் பரம்பரையாகக் குறைந்த ஒருவரைப் பற்றிய ஆய்வு வெளியானது: சிறுகுடலில் புண்கள், சிறுதட்டுகளில் திரொம்பொக்சேன் மிகக் குறைவு. விரியனின் உறவான சிறிய நொதியம் அந்த இழப்பை ஈடுசெய்யவில்லை.