எண்பது ரூபாயும் ஒரு தொட்டிலும்

1959-ம் வருஷம் மார்ச் 15-ந் தேதி, பம்பாய் கிர்காமில் ஒரு கட்டடத்து மொட்டை மாடியில் ஏழு குஜராத்திப் பெண்கள் கூடி அப்பளம் இட்டார்கள். முதல், 80 ரூபாய் கடன். அன்று தேறியது நாலு கட்டு. பிற்பாடு தேசமெங்கும் பரவிய லிஜ்ஜத் அப்பளத்தின் ஜனனம் இதுதான்.

எண்பது ரூபாய் கோடிகளாகப் பெருகிய அதிசயத்தைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. உளுந்து மாவு வாங்குவது, பிசைவது, கடைகடையாக ஏறி விற்பது, பாக்கி வசூலிப்பது - இவற்றில் எதையும் கைக்குழந்தைக்காரி தொட்டிலருகே இருந்து செய்ய முடியாது. அப்பளம் இடுவது ஒன்றுதான் குழந்தை அழுதால் நிறுத்தவும், தூங்கினால் தொடரவும் இடம் கொடுக்கும்.

நாளடைவில் அந்தப் பெண்கள் வேலையை இப்படித்தான் பிரித்துக் கொண்டார்கள். கொள்முதல், பிசைதல், விற்பனை எல்லாம் ஸ்தாபனத்தின் பொறுப்பு. காலையில் பிசைந்த மாவை வாங்கிப் போய், வீட்டில் இட்டு உலர்த்தி, மறுநாள் கொடுத்துக் கூலி பெறுவது சகோதரிகளின் வேலை. லாபத்திலும் பங்கு உண்டு.

முதல் வருஷம் மழையில் அப்பளம் உலராமல் நாலு மாசம் வேலை நின்றது. அடுத்த வருஷம் கட்டிலின் மேல் அப்பளத்தைப் பரப்பி, அடியில் அடுப்பை வைத்தார்கள். வீட்டுச் சாமான்களே தொழிற்சாலையாயின!

எழுவரில் ஒருவரான ஜஸ்வந்திபென் போபட்டுக்கு 2021-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. தொட்டிலை அப்புறப்படுத்தாமலே ஒரு தாய் முதலாளியாகலாம் என்று காட்டியதற்கான மரியாதை அது என்பேன்.