விருத்தாசலத்துப் பீங்கானும் உருகும் கம்பியும்

மின்கட்டணம் கட்டத் தவறிய வீட்டிலிருந்து மின்வாரிய ஊழியர் ஒரு காலத்தில் கையோடு கழற்றிச் சென்றது ஃபியூஸ் கேரியரைத்தான். உள்ளங்கையில் அடங்கும் வெள்ளைப் பீங்கான் கட்டை; இரு முனைகளிலும் பித்தளைத் தகடு, நடுவில் மெல்லிய கம்பி. அந்தக் கட்டைகளைச் செய்து அனுப்பிய ஊர்களில் ஒன்று விருத்தாசலம். பழமலைநாதர் கோயிலுக்கும் ரயில் சந்திப்புக்கும் பெயர்பெற்ற அந்த ஊருக்குப் பீங்கான் தொழிற்பேட்டை இன்னொரு முகவரியைத் தந்தது.

அதற்கு மண்ணும் காலமும் சேர்ந்து கைகொடுத்தன. பக்கத்து நெய்வேலியில் 1956-ல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கியது. நிலக்கரியை எட்டத் தோண்டியபோது மேலடுக்குகளில் வெள்ளைக் களிமண்ணும் கிடைத்தது. 1957-ல் மின்வாரியம் உருவாகி, கிராமம் கிராமமாகக் கம்பிகள் நீண்டன. கிணற்று மோட்டார் ஒவ்வொன்றுக்கும் ஃபியூஸ் தேவைப்பட்டது. காமராஜர் காலத்துத் தொழிற்பேட்டை இயக்கம் கிண்டியில் 1958-ல் தொடங்கிப் பல ஊர்களுக்கும் பரவியது. விருத்தாசலத்துக்கு வாய்த்தது பீங்கான். தொழிற்பேட்டையோடு, அந்தத் தொழில்நுட்பத்தைக் கற்றுத்தரும் அரசு நிறுவனமும் அங்கே அமைந்தது.

ஃபியூஸ் கட்டை செய்வது பார்வைக்குத் தெரிவதைவிடக் கடினமான வேலை. களிமண், குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் மூன்றையும் அளவாகக் கலந்து, லேசான ஈரப்பதத்தோடு இரும்பு அச்சில் இட்டு அழுத்த வேண்டும். சூளையில் 1,200 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேகும்போது மண் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சுருங்கிவிடும். திருகு போகும் துளையும் தகடு உட்காரும் பள்ளமும் சுருங்கிய பிறகுதான் சரியான அளவுக்கு வர வேண்டும். அந்தக் கணக்கை அச்சு வெட்டும்போதே போட்டாக வேண்டும். கணக்குப் பிசகினால், கேரியர் அதன் அடிக்கட்டையில் பொருந்தாது.

உருகும் கம்பி மட்டும் ஃபியூஸ் ஆகிவிடாது. பிரான்சின் பிரெகே, மின்னலிலிருந்து தந்தி நிலையங்களைக் காக்க மெல்லிய கம்பியைப் பயன்படுத்தலாம் என்று 1847-ல் சொன்னார். எடிசன் 1880-ல் விளக்குச் சுற்றுக்கான பாதுகாப்புக் கம்பிக்குக் காப்புரிமை பெற்றார். கம்பி உருகி அறும் நொடியில் தீப்பொறி பாயும். அந்தச் சூட்டில் எரியாமலும் கருகி மின்சாரத்தைக் கடத்தாமலும் நிற்கும் உடல் வேண்டும். பீங்கான் அதற்கு ஏற்ற பொருளாக நிலைத்தது.

வாகனங்களிலும் இதே தேவைதான். ஐரோப்பியக் கார்களில் பீங்கான் குச்சியின் முதுகில் உலோகப் பட்டை ஓடும் ஃபியூஸ்கள் பல பத்தாண்டுகள் இருந்தன. நம் ஊரில் ஃபியட் 1100 வழியாக அவை பழக்கமாயின. வெள்ளை என்றால் 8 ஆம்பியர், சிவப்பு என்றால் 16. மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வழிவந்த அம்பாசடரோ கண்ணாடிக் குழாய் ஃபியூஸ்களை நம்பியது. அன்றைய பிரிட்டிஷ் கார்களில் வழக்கமாக இரண்டே ஃபியூஸ்கள்: ஒன்று எப்போதும் உயிரோடிருக்கும் ஹாரன் போன்றவற்றுக்கு, மற்றொன்று சாவி திருப்பினால் வேலை செய்யும் வைப்பர் முதலியவற்றுக்கு. ஒரே ஃபியூஸில் பல சாதனங்கள் தொங்கியதால், அது போனால் எது காரணம் என்று தேடுவதே மெக்கானிக்கின் திறமைக்குச் சோதனையானது.

அதற்கு அவர்கள் வளர்த்த முறை எளிமையானது, இன்றும் செல்லுபடியாவது. போன ஃபியூஸைக் கழற்றி, அதன் இடத்தில் டெஸ்ட் லேம்ப்பைப் பொருத்துவார்கள். எல்லா சுவிட்சும் அணைந்திருக்கும்போதே பல்பு பளிச்சென்று எரிந்தால் எங்கோ வயர் பாடியில் தொடுகிறது, அதாவது ஷார்ட். இணைப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே போக, எதைக் கழற்றியதும் பல்பு அணைகிறதோ அந்தக் கிளையில்தான் கோளாறு. கதவுக் கீல், பின்விளக்கு, சைலன்சருக்கு அருகில் செல்லும் வயர் ஆகியவை முதலில் சந்தேகிக்கப்படும் இடங்கள். பல்பு எரியாவிட்டால், ஏதாவது ஒரு சாதனத்தைப் போடும்போதுதான் கோளாறு தலைகாட்டுகிறது என்று பொருள். சுவிட்சுகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பார்கள்.

காரணம் தேடாமல் சிகரெட் பாக்கெட்டின் ஈயத்தாளைச் சுற்றிவிடும் வழக்கமும் கூடவே இருந்தது. வீட்டுக் கேரியரிலும் அதே தவறு நடந்தது: 5 ஆம்பியருக்குச் சுமார் 0.2 மில்லிமீட்டர் கம்பி போதும் என்ற இடத்தில் கையில் கிடைத்த செப்புக் கம்பியைக் கட்டினார்கள். உருகவேண்டிய கம்பி உருகாதபோது வயர் பற்றி எரிகிறது.

1970-களில் அமெரிக்காவின் லிட்டல்ஃபியூஸ் நிறுவனம் பிளேடு ஃபியூஸைக் கொண்டுவந்தது. உடல் பிளாஸ்டிக், நிறமே அளவு சொல்லும்: சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20 ஆம்பியர். கார்களில் பீங்கான் குச்சிகள் மறைந்தன. வீடுகளில் எம்.சி.பி. வந்து கேரியரின் இடத்தைப் பிடித்தது. இன்று விருத்தாசலத்துச் சூளைகளிலிருந்து பொம்மைகளும் அகல் விளக்குகளும் வருகின்றன.

தமிழக வீடுகளையும் வயல்களையும் காத்த கட்டைகள் அங்கே பிறந்தன என்பது இன்றைய தலைமுறைக்கு அவ்வளவாகத் தெரியாது. பழைய இரும்பு அச்சுகளும் கேரியர்களும் பழைய இரும்புக் கடைக்குப் போவதற்குள் அவற்றைத் திரட்டி, அவ்வூரின் பீங்கான் தொழில்நுட்ப நிறுவனத்திலேயே ஒரு காட்சிக்கூடம் அமைக்க வேண்டும். அந்த அச்சுகளில் வேலை செய்தவர்களின் அனுபவத்தையும் அவர்கள் இருக்கும்போதே பதிவுசெய்ய வேண்டும்.