தாயின் நினைவும் விஞ்ஞானத்தின் சான்றும்
அலிஸ் ஸ்ரூவர்ட்டின் ஆய்வு பற்றிய ஒரு நோக்கு

விஞ்ஞான வரலாற்றைத் தனிமனித மேதைமையின் கதையாக எழுதும் மரபு நம்மிடையே இன்னும் செல்வாக்குடன் விளங்குகின்றது. ஒரு வினா எழுவதற்கு எந்தச் சமூகச் சூழல் இடமளித்தது, எவருடைய சொல் சான்றாக ஏற்கப்பட்டது, எவருடைய நலன்களை அதன் விடை தாக்கியது என்பனவற்றை அம்மரபு பொருட்படுத்துவதில்லை. தாய்-சேய் நலம் சார்ந்த நோய்ப்பரவலியலில் முக்கிய இடம்பெறும் ஆங்கில மருத்துவர் அலிஸ் ஸ்ரூவர்ட்டின் (1906-2002) பணியை இவ்வினாக்களின் அடிப்படையில் நோக்குவதே எமது முயற்சியாகும்.

இரண்டாம் உலகப் போர் பிரித்தானிய மருத்துவத்தின் பார்வையை விரிவுபடுத்தியது. வெடிமருந்துத் தொழிற்சாலைகளிற் பணிபுரிந்தோரின் உடல்நிலையை ஸ்ரூவர்ட் ஆராய்ந்தது இக்காலத்திலேயே. நோயைத் தொழில், வீடு, உணவு, வருமானம் ஆகியவற்றோடு தொடர்புபடுத்திக் காணும் சமூக மருத்துவத்துக்கு 1943இல் ஒக்ஸ்போட் பல்கலைக்கழகம் ஒரு பேராசிரியர் பதவியை உருவாக்கி, ஜோன் றைலை அதில் அமர்த்தியது. 1950இல் றைல் மறைந்ததும் அந்நிறுவனம் ஒரு சிறு பிரிவாகச் சுருக்கப்பட்டது. அதன் பொறுப்பே ஸ்ரூவர்ட்டுக்குக் கிடைத்தது. போர்க்கால நெருக்கடியிற் பிறந்த சமூக அக்கறை, நெருக்கடி தணிந்தபின் எவ்வளவு விரைவிற் கைவிடப்பட்டது என்பது இதனாற் புலனாகும்.

அக்காலத்தில் பிரித்தானியாவிற் குழந்தைகளிடையே குருதிப் புற்றுநோய் மரணங்கள் பெருகி வந்தன. இரண்டு முதல் நான்கு வயதுக் குழந்தைகள் குறிப்பிடத்தக்க அளவிற் பாதிக்கப்பட்டனர். சிசு மரணம் என்றதும் வறுமையையே முதற்காரணமாகக் கொள்ளும் வழமையான விளக்கம் இங்கு பொருந்தவில்லை. இவ்வளவு இளவயதில் தோன்றும் நோயின் காரணம் பிறப்புக்கு முன்னரே இருத்தல் கூடும் என ஸ்ரூவர்ட் ஊகித்தார். அவ்வாறாயின், அது பற்றித் தாயிடமன்றி வேறு எவரிடம் வினவுவது? மருத்துவர் மறந்ததைத் தாய் நினைவில் வைத்திருப்பாள் என்பதே அவரது ஆய்வுமுறையின் அடிப்படையாகும்.

லேடி ராட்டா நினைவு நிதியத்திடமிருந்து கிடைத்த சிறு தொகையுடன் வேலை தொடங்கிற்று. அந்நிதியம், குருதிப் புற்றுநோயால் 1931இல் இறந்த மெஹர்பாய் ராட்டாவின் நினைவாக இந்தியாவில் நிறுவப்பட்டதாகும். ஆய்வுக்கெனத் தனிப் பணியாளரை அமர்த்த வசதியில்லாமையால், நாடெங்கும் உள்ள உள்ளூராட்சிச் சுகாதாரத் திணைக்களங்களின் மருத்துவர்கள் வினாக்கொத்துடன் வீடுகளுக்குச் சென்றனர். புற்றுநோயால் இறந்த குழந்தையின் தாய்க்கும், அதே வயதுடைய ஆரோக்கியமான குழந்தையின் தாய்க்கும் ஒரே வினாக்கள் விடுக்கப்பட்டன. கர்ப்ப காலத்தில் எக்ஸ் கதிர்ப் படம் எடுக்கப்பட்டதா என்பது அவற்றுள் ஒன்று. 1956இல் 'லான்செற்' இதழில் வெளியான முதல் அறிக்கையின்படி, இறந்த 547 குழந்தைகளின் தாய்மாருள் 85 பேருக்கு வயிற்றுப் பகுதியில் அவ்வாறு படம் எடுக்கப்பட்டிருந்தது. ஒப்பீட்டுக் குழுவின் 547 தாய்மாருள் அத்தொகை 45 மட்டுமே. 1958இல் வெளியான விரிவான ஆய்வும் இம்முடிவை வலியுறுத்தியது.

எதிர்ப்பு உடனே எழுந்தது. குழந்தையை இழந்த தாய் தன் நினைவைத் துருவித் துருவி ஆராய்வாள். ஆகவே அவளது கூற்று நம்பத்தக்கதன்று என்பது முதன்மையான வாதம். இதை வெறும் சூழ்ச்சி எனத் தள்ளிவிடல் இயலாது. முறையியல் நோக்கில் இது நியாயமான ஐயமே. புகைத்தலுக்கும் நுரையீரற் புற்றுநோய்க்குமிடையே உள்ள தொடர்பை நிறுவிய றிச்சர்ட் டோலும் அவருடன் பணியாற்றியோரும் 1960இல் வெளியிட்ட ஆய்வு, அத்தகைய தொடர்பு எதனையும் காணவில்லை. டோல் இளமையிற் கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினராக இருந்தவர் என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. ஆய்வாளரின் அரசியற் சார்பை அறிந்தவுடன் ஆய்வு முடிவின் சார்பையும் அறிந்துவிடலாம் எனக் கருதும் எளிமைப்படுத்தப்பட்ட மார்க்சியத்துக்கு இது தக்க எச்சரிக்கையாகும்.

ஐயத்தைத் தீர்க்க வேறு வகைச் சான்று வேண்டியிருந்தது. ஹாவாட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிறையன் மக்மஹோன், வடகிழக்கு அமெரிக்காவின் மருத்துவமனைகளில் நிகழ்ந்த ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்ட பிறப்புகளின் பதிவேடுகளை ஆராய்ந்தார். குழந்தை நோயுறுவதற்கு முன்னரே எழுதப்பட்ட அப்பதிவுகளில் துயருற்ற தாயின் நினைவுக்கு இடமேயில்லை. 1962இல் வெளியான அவ்வாய்வு, எக்ஸ் கதிருக்கு உட்பட்ட குழந்தைகளிடையே புற்றுநோய் மரணம் ஏறத்தாழ 40 சதவீதம் கூடுதலாக இருந்ததைக் காட்டிற்று. அளவு குறைந்ததெனினும் திசை மாறவில்லை.

ஆயினும் நடைமுறை மெதுவாகவே மாறிற்று. ஒரு படமெடுப்பிற் பாயும் சொற்பக் கதிர்வீச்சே தீங்கிழைக்குமெனில், அணுகுண்டுப் பரிசோதனைகளும் அணுத் தொழிற்சாலைகளும் தீங்கற்றவை என எவ்வாறு கூறுவது? விவாதம் கர்ப்பிணிகளோடு நில்லாமல் அரசின் படைத்துறை நலன்களையும் தொட்டது இதனாலேயே. 1977இல் அமெரிக்காவின் ஹான்போட் புளுட்டோனியத் தொழிற்சாலைத் தொழிலாளர் பற்றிய ஆய்வை மன்குசோ, நீல் ஆகியோருடன் ஸ்ரூவர்ட் வெளியிட்டபோது இது வெளிப்படையாயிற்று. ஏற்கத்தக்கதெனக் கருதப்பட்ட கதிர்வீச்சு அளவுகளிலும் புற்றுநோய் அபாயம் உண்டு என்பதே அதன் முடிவு. மன்குசோவுக்கான அரச நிதி ஏற்கெனவே நிறுத்தப்பட்டிருந்தது. அந்த முடிவுகள் குறித்த சர்ச்சை பின்னரும் நீடித்தது.

கருவுற்ற தாய் பற்றிய வாதம் தெளிவடைந்தது. 1997இல் டோலும் வேக்போட்டும் சான்றுகள் அனைத்தையும் தொகுத்து நோக்கி, கருவிற் பாயும் கதிர்வீச்சு குழந்தைப் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டுகிறது என்ற முடிவுக்கு வந்தனர். முதல் அறிக்கை வெளியாகி 41 ஆண்டுகள் கழிந்திருந்தன. அதற்கிடையில், 1950களின் பிற்பகுதியிற் கிளாஸ்கோவில் இயன் டொனால்ட் வளர்த்த மீயொலிக் கருவி எக்ஸ் கதிரின் இடத்தைப் பெருமளவு பெற்றிருந்தது. மாற்றுக் கருவி கிடைத்தமையும் ஆய்வு முடிவு ஏற்கப்படத் துணைசெய்தது எனலாம்.

தாய்மாரின் கூற்று தன்னளவில் முடிந்த முடிபன்று. அதனைச் சோதிக்கப் பதிவேடுகள் தேவைப்பட்டன. ஆனால் அக்கூற்று கேட்கப்படாதிருந்தால், எந்தப் பதிவேட்டை எதற்காகப் புரட்டுவது என்பதே எவருக்கும் தெரிந்திராது. மக்களின் அனுபவத்தை விஞ்ஞானத்தின் கச்சாப்பொருளாக மட்டுமன்றி அதன் வினாக்களின் ஊற்றாகவும் கொள்ளல் வேண்டும் என்பதை இவ்வரலாறு உணர்த்துகின்றது. சுகாதாரப் புள்ளிவிபரங்களைக் கையாளும் எவரும், அவற்றைத் தந்த பெண்களிடம் கேட்கப்படாத வினாக்கள் எவை எனவும் ஆராய்வாராக.