நூறு முறை குண்டு வீசப் போன ஒரு சட்ட மாணவர்

எங்கள் பி.காம். பாடத்தில் வணிகச் சட்டம் என்று ஒரு பேப்பர் உண்டு. அதற்காக நூலகத்தில் தேடியபோது, ஒப்பந்தச் சட்டம் பற்றி செஷயரும் ஃபிஃபூட்டும் எழுதிய தடிமனான புத்தகம் கையில் கிடைத்தது. புரிந்ததா என்று மட்டும் கேட்காதீர்கள் :) யார் இந்த செஷயர் என்று தேடப் போய், கடைசியில் அவருடைய மகனிடம் மாட்டிக்கொண்டேன். மகன் பெயர் லியோனார்ட் செஷயர். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் மிகப் புகழ்பெற்ற குண்டுவீச்சு விமானிகளில் ஒருவர்.

1917இல் பிறந்தவர். அப்பா ஆக்ஸ்ஃபோர்டில் சட்டம் கற்பித்தவர், மகனும் அங்கேயே மெர்டன் கல்லூரியில் சட்டம் படித்தார். படிக்கும்போதே பல்கலைக்கழக விமானப் பிரிவில் சேர்ந்து விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டார். 1939இல் படிப்பு முடிந்தது. அதே வருடம் போர் ஆரம்பித்துவிட்டது. அப்போது அவருக்கு 22 வயது, கிட்டத்தட்ட நம் வயசுதான்.

1940 நவம்பரில் ஒரு ராத்திரி, ஜெர்மனியின் கொலோன் நகரைத் தாக்கப் போன பயணத்தில் அவருடைய விட்லி விமானத்தில் பீரங்கிக் குண்டு வெடித்தது. உள்ளே தீப்பிடித்தது, விமானத்தின் பக்கவாட்டில் பெரிய ஓட்டை. ரேடியோ இயக்குபவருக்கு மோசமான தீக்காயம். அந்த நிலையிலும் விமானத்தை இங்கிலாந்துக்குத் திருப்பிக் கொண்டு வந்தார். அதற்காகப் பதக்கம் கிடைத்தது.

அந்த வேலை எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு ஒரு கணக்கு. பிரிட்டனின் குண்டுவீச்சுப் படையில் பறந்தவர்கள் சுமார் 1,25,000 பேர். இறந்தவர்கள் 55,573. நூற்றுக்கு 44 பேர்! வழக்கமாக 30 தாக்குதல்கள் முடித்தால் ஓய்வு கொடுப்பார்கள். அந்த முப்பதைத் தாண்டுவதற்குள்ளேயே பலர் போய்விடுவார்கள். செஷயர் நூறு முறை போய்விட்டு உயிரோடு திரும்பியவர்.

25 வயதில் குரூப் கேப்டன் ஆனார். அந்தப் பதவியில் இருந்தால் பாதுகாப்பாக நிர்வாகம் பார்க்கலாம். ஆனால் மனுஷன் பதவி இறக்கம் கேட்டு வாங்கிக்கொண்டு, 1943 கடைசியில் 617ஆம் படைப்பிரிவின் தலைவராகப் போனார். ஜெர்மனியின் அணைகளை உடைத்துப் பேர் வாங்கிய பிரிவு அது.

1944 பிப்ரவரியில் பிரான்சின் லிமோஜ் நகரில் ஜெர்மானியர்களுக்காக ஓடிக்கொண்டிருந்த விமான எஞ்சின் தொழிற்சாலையைத் தகர்க்க வேண்டும். உள்ளே இரவு ஷிப்டில் பிரெஞ்சுத் தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள். செஷயர் உடனே குண்டு போடவில்லை. கூரையை உரசுவதுபோலத் தாழ்வாக மூன்று முறை பறந்து எச்சரித்தார். அவர்கள் வெளியே ஓடிய பிறகுதான் இலக்கைக் குறிக்கும் விளக்குகளைப் போட்டார். பின்னால் வந்த விமானங்கள் தொழிற்சாலையைத் தகர்த்தன.

அந்த வருடம் செப்டம்பரில் பிரிட்டனின் உயரிய விக்டோரியா கிராஸ் விருது. பொதுவாக ஒரு சாகசத்துக்காகத் தரும் விருது அது. இவருக்கு நான்கு வருடத் துணிச்சலுக்காகக் கொடுத்தார்கள்.

இதோடு நிறுத்தினால் சினிமாக் கதை மாதிரி இருக்கும். ஆனால் லிமோஜில் கிடைத்த மூன்று எச்சரிக்கை ஜெர்மன் நகரங்களில் யாருக்கும் கிடைக்கவில்லை. அவர் சார்ந்திருந்த படை 1943 ஜூலையில் ஹாம்பர்க்கை எரித்தபோது இறந்தவர்கள் மட்டும் 35,000க்கும் மேல். பெண்களும் குழந்தைகளும் அதில் உண்டு.

1945 ஆகஸ்ட் 9 அன்று நாகசாகியில் அணுகுண்டு விழுந்தபோது, பிரிட்டனின் பார்வையாளராகத் தூரத்தில் இன்னொரு விமானத்தில் இருந்தார் செஷயர். அடுத்த வருடமே விமானப்படையை விட்டு விலகினார்.

இங்கேதான் பலரும் கலிங்கத்து அசோகர் கதையை அப்படியே இவருக்கும் பொருத்திவிடுகிறார்கள். அணுகுண்டைப் பார்த்தார், மனம் மாறினார், சேவையில் இறங்கினார் என்று. எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் அணுகுண்டு போரைச் சீக்கிரம் முடித்து உயிர்களைக் காப்பாற்றியது என்பதே கடைசிவரை அவர் கருத்து.

நடந்தது இன்னும் சாதாரணமான விஷயம். முன்னாள் போர்வீரர்கள் சேர்ந்து வாழ ஒரு குடியிருப்பு ஆரம்பித்தார். அது தோற்றது. மிஞ்சியது கடனும் லீ கோர்ட் என்ற பெரிய வீடும். 1948இல், அங்கே முன்பு இருந்த ஆர்தர் டைக்ஸ் என்பவர் புற்றுநோயால் சாகக் கிடந்தார். போக இடமில்லை. செஷயர் அவரை அந்த வீட்டுக்கே கூட்டி வந்து, குளிப்பாட்டி, படுக்கை மாற்றி, இறக்கும்வரை தானே பார்த்துக்கொண்டார். பிறகு இன்னொருவர் வந்தார், அப்புறம் இன்னொருவர். அப்படியே அது ஊனமுற்றோருக்கான செஷயர் இல்லங்களாக வளர்ந்து, பல நாடுகளுக்குப் பரவியது. ஐம்பதுகளில் பம்பாயில் ஒன்று தொடங்கினார். 1959இல் சூ ரைடரை மணந்ததும் அதே பம்பாயில்தான். இருவரும் சேர்ந்து டேராடூனில் ரஃபேல் மையத்தை ஆரம்பித்தார்கள். நம் கோவையிலும் செஷயர் இல்லம் உண்டு. 1992இல் இறந்தார்.

கணக்குப்பதிவியலில் ஒரு பாடம் உண்டு. சொத்தையும் கடனையும் ஒன்றில் ஒன்றைக் கழித்து, மிச்சத்தை மட்டும் காட்டக்கூடாது. இரண்டையும் முழுசாக, தனித்தனியாக எழுத வேண்டும். செஷயர் வாழ்க்கையை அப்படித்தான் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். இல்லங்களைக் காட்டி எரிந்த நகரங்களைக் கழிக்க முடியாது. நகரங்களைக் காட்டி, டைக்ஸ் பக்கத்தில் அவர் உட்கார்ந்திருந்த இரவுகளையும் அழிக்க முடியாது.

நீங்கள் எப்படி எழுதுவீர்கள் இந்தக் கணக்கை?