கடல் முயலில் கிடைத்தது, பாசியில் பிறந்தது: டோலாஸ்டாட்டின் 10 மருந்தான வரலாறு

கடல் முயல் ஒரு நத்தை இனம். மேலே ஓடு கிடையாது. உடலுக்குள் மெல்லிய தகடாகச் சுருங்கிப்போயிருக்கும். தலையில் முயல்காது போல இரண்டு உணர்கொம்புகள். மெதுவாக ஊர்ந்து பாசி மேயும் இந்தப் பிராணியைத் தின்ன வரும் உயிரினங்கள் குறைவு. அதன் உடலில் நஞ்சு உண்டு என்பதை ரோமானிய அறிஞர் பிளினி முதல் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தார். அந்த நஞ்சைச் செய்வது யார் என்ற கேள்விக்கு விடை கிடைக்க ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகள் ஆயின. இன்று நிணநீர்ப் புற்றுநோய்க்குக் கொடுக்கப்படும் ஒரு மருந்தின் வரலாறும் அந்த விடையோடு பிணைந்தது.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக வேதியியலாளர் ஜார்ஜ் ராபர்ட் பெட்டிட் 1972-இல் மொரீஷியஸ் கடலில் டோலபெல்லா ஆரிகுலேரியா என்னும் கடல் முயலைச் சேகரித்தார். அதன் சாறு புற்றணுக்களைக் கொன்றது. ஆனால் கொல்லும் பொருளைப் பிரித்தெடுப்பது பெரும்பாடாக இருந்தது. டன் கணக்கில் கடல் முயல்களை அரைத்துச் சலித்தால் மில்லிகிராம் கணக்கில்தான் பொருள் மிஞ்சியது. டோலாஸ்டாட்டின் 10 என்று பெயர் பெற்ற அதன் கட்டமைப்பு 1987-இல்தான் வெளியானது. 1989-இல் பெட்டிட் குழுவினர் அதை ஆய்வுக்கூடத்திலேயே முழுமையாகத் தொகுத்துக் காட்டினர். கடல் முயலை நம்பியிருக்க வேண்டிய நிலை அத்தோடு தீர்ந்தது.

அந்த மூலக்கூறைச் சற்று அருகிலிருந்து பார்க்க வேண்டும். ஐந்து கண்ணிகள் கொண்ட சிறிய பெப்டைடு அது. ஐந்தில் வேலின் ஒன்றுதான் நம் உடல் புரதங்களில் காணும் சாதாரண அமினோ அமிலம். மற்ற நான்கும் விநோதமானவை: ஒரு முனையில் நைட்ரஜன்மேல் இரண்டு மெத்தில் தொகுதிகள், மறுமுனையில் கந்தகம் கலந்த தயசோல் வளையம். விலங்குச் செல்களில் புரதம் கோக்கும் ரைபோசோம் இப்படிப்பட்ட பெப்டைடைக் கோப்பதில்லை. ரைபோசோமைச் சாராத தனி நொதித் தொடர்களை வைத்துப் பெப்டைடு செய்வது நீலப்பசும்பாசி எனப்படும் சயனோபாக்டீரியாவுக்குக் கைவந்த கலை. ஆக, செய்தவர் யார் என்ற துப்பு மூலக்கூறுக்குள்ளேயே இருந்தது.

அந்தத் துப்பைப் பின்பற்ற ஒரு முன்னுதாரணமும் ஹவாயில் இருந்தது. 1958-இல் ஓவாஹு தீவில் கடலாடிய நூற்றுக்கும் மேற்பட்டோருக்கு, நீச்சலுடை இறுக்கிப் பிடித்த இடங்களில் தோல் எரிந்து கொப்புளித்தது. துணிக்கும் தோலுக்கும் இடையே சிக்கிய லிங்பியா என்னும் பாசியின் மயிர் போன்ற இழைகளே காரணம். 1974-இல் கடல் முயலில் அப்ளிசியாடாக்சின் நஞ்சு கண்டறியப்பட்டது. மூன்றே ஆண்டுகளில், 1977-இல், ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் மூர் குழுவினர் அதன் நெருங்கிய உறவான டிப்ரோமோஅப்ளிசியாடாக்சினை லிங்பியாவிலேயே கண்டனர். பாசி சமைக்கிறது, கடல் முயல் தின்று சேமிக்கிறது என்பது அப்போதே தெளிவானது. கடல் சயனோபாக்டீரியாவில் மருந்து தேடும் துறையின் உண்மையான தொடக்கம் 1977-தான் என்பது என் கருத்து.

டோலாஸ்டாட்டினுக்கு அந்தத் தெளிவு வர இருபது ஆண்டுகளுக்கும் மேல் பிடித்தது. 1998-இல் குவாம் தீவின் சிம்ப்ளோகா பாசியிலிருந்து சிம்ப்ளோஸ்டாட்டின் 1 பிரித்தெடுக்கப்பட்டது. டோலாஸ்டாட்டின் 10-க்கும் அதற்கும் ஒரேயொரு கார்பன் அலகுதான் வேறுபாடு. 2001-இல் ஹென்ட்ரிக் லூஷ், மூர், வேலரி பால் ஆகியோரடங்கிய குழு பலாவ் தீவுப் பாசியில் டோலாஸ்டாட்டின் 10-ஐயே நேரடியாகக் கண்டது. கடல் முயலில் கிடைத்ததைவிடப் பன்மடங்கு அதிக அளவில் அது இருந்தது.

இதற்குள் மருந்து முயற்சி தோற்றுப்போயிருந்தது. செல் பிரிவுக்குத் தேவையான நுண்குழல்கள் டியூபுலின் புரதத்தால் ஆனவை. டோலாஸ்டாட்டின் அவற்றைக் கட்டவிடாது. அந்த ஆற்றல் நல்ல செல்லையும் விட்டுவைக்கவில்லை. 1990-களின் மருத்துவச் சோதனைகளில் வெள்ளணுக்கள் குறைந்தன, நரம்புகள் பாதிக்கப்பட்டன, கட்டிகளோ போதிய அளவு சுருங்கவில்லை. அதன் சாயலில் தொகுக்கப்பட்ட எம்.எம்.ஏ.இ. என்ற பொருளை ஓர் எதிர்ப்புரதத்தோடு கட்டி அனுப்பும் உத்திதான் வழி திறந்தது. புற்றணுவின் மேலுள்ள சி.டி.30 என்ற அடையாளத்தை எதிர்ப்புரதம் பற்றிக்கொண்டு உள்ளே நுழையும். அங்குள்ள நொதி இணைப்பை வெட்டியதும் நஞ்சு அவிழும். பிரென்டக்ஸிமாப் வெடோட்டின் என்ற இம்மருந்துக்கு 2011 ஆகஸ்டில் அமெரிக்கா ஒப்புதல் தந்தது. 2019-இல் வந்த பொலாட்டுஸுமாப் வெடோட்டினும் என்ஃபோர்ட்டுமாப் வெடோட்டினும் சுமப்பது இதே பொருளைத்தான்.

வேதியியலாளர்களின் புகழுக்கு நடுவே வகைப்பாட்டியல் மறைந்துவிடுகிறது. கறுத்த இழைப்பாசி எதுவானாலும் லிங்பியா மஜஸ்குலா என்று பல்லாண்டுகள் பெயரிட்டு வந்தார்கள். மரபணுவை ஒப்பிட்ட பிறகே அந்த ஒரு பெயருக்குள் பல பேரினங்கள் கிடந்தது தெரிந்தது. 2012-இல் ஒரு பேரினம் மூரின் நினைவாக மூரியா என்று தனியே பிரிக்கப்பட்டது; பின்னர் அது மூரெனா ஆனது. டோலாஸ்டாட்டின் தரும் சிம்ப்ளோகாவும் 2015-இல் கால்டோரா பெனிசிலாட்டா ஆயிற்று. பெயர் தவறினால் அதே பாசியை மறுபடி தேடிப் பிடிக்க வழியில்லை.

இந்தப் பணியில் நமக்கும் பழைய பங்கு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் டி.வி. தேசிகாச்சாரி 1959-இல் வெளியிட்ட ‘சயனோஃபைட்டா’ நூலைப் பாசி வகைப்பாட்டாளர்கள் இன்றும் புரட்டுகிறார்கள். கடல்வாழ் சயனோபாக்டீரியாவுக்கென ஒரு தேசிய மையம் 1991-இல் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் தொடங்கப்பட்டது. மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் மாதிரி எடுக்கும் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள்: கிடைத்த பாசி முழுவதையும் கரைப்பானில் கொட்டிவிடாதீர்கள். ஒரு பிடியை உலர் மாதிரியாக வையுங்கள், ஒரு பிடியை டி.என்.ஏ.வுக்கு எடுத்துவையுங்கள், ஓர் இழையையாவது வளர்ப்புக் குடுவையில் உயிரோடு காப்பாற்றுங்கள்.