பிக்கப்புக்கு ஆல்-டெரெய்ன் டயர்: வாங்கும் முன் எந்த எண்ணைப் பார்க்கணும்?

சிம்பாங் அம்பாட் பக்கம் ஒரே பிக்கப், காலையில் செம்பனைத் தோட்டத்து மண் சாலையிலும் மாலையில் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையிலும் ஓடும். இரண்டுக்கும் ஏற்றது ஆல்-டெரெய்ன், அதாவது ‘ஏடி’ டயர். ஆனா, முரட்டுத் தோற்றத்தை மட்டும் பார்த்து வாங்கிடலாமா?

265/65ஆர்17 112எஸ் என்றால் என்ன?

265 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம். பக்கச்சுவரின் உயரம் அதில் 65 விழுக்காடு. 17 என்பது அங்குலத்தில் ரிம் அளவு. 112 தான் சுமைக் குறியீடு: ஒரு டயர் அதிகபட்சம் 1,120 கிலோ தாங்கும். ‘எஸ்’ என்றால் வேக வரம்பு மணிக்கு 180 கிலோமீட்டர்.

அப்போ நான்கு டயருக்கு 4,480 கிலோ ஏத்தலாமா?

கூடாது. வண்டியின் எடையும் அதில் அடங்கும். பின்னால் ஏற்றும் பழக்குலைகளின் பாரம் பெரும்பாலும் இரண்டு பின் டயர்கள் மேல்தான் விழும். டயரை மாற்றினாலும் அச்சு, ஸ்பிரிங், பிரேக் ஆகியவற்றின் வரம்பு மாறாது.

120/117 என இரண்டு எண் இருந்தா?

ஒரு பக்கத்துக்கு ஒரே டயர் உள்ள பிக்கப்புக்கு முதல் எண்தான் கணக்கு: 1,400 கிலோ. ஆனா, இந்த ‘எல்டி’ வகைக்குக் காற்றழுத்தம் கூடுதலா தேவை. பழைய அழுத்தத்திலேயே ஓட்டினா அவ்வளவு தாங்காது. டயர் நிறுவனத்தின் அழுத்த அட்டவணையைக் கடையில் கேளுங்க.

எதை மறக்கக்கூடாது?

ஓட்டுநர் கதவோரம் உள்ள ஸ்டிக்கரைப் பாருங்க. வண்டியோடு வந்த சுமைக் குறியீட்டைவிடக் குறைந்த டயர் வேண்டாம். காற்று குறைவு, பாரம் அதிகம், கூடவே வேகம்: மூன்றும் சேர்ந்தால் டயர் சூடேறி வெடிக்கலாம்.