ஈடன் கார்டனும் நம் விடுதி டி.வி. அறையும்



"நீ வரலாறு படிச்சவன்தானே, மலருக்கு ஏதாவது வரலாறா எழுதிக் கொடு" என்று மலர்க்குழு நண்பர் போனில் கேட்டார். சோழர்களைப் பற்றி எழுத நமக்குப் பேராசிரியர்கள் இருக்கிறார்கள். நாம் கண்ணால் பார்த்ததும் வரலாறுதானே என்று தோன்றியது. ஆகவே நம் விடுதியின் டி.வி. அறையில் உட்கார்ந்து பார்த்த இரண்டு இரவுகளைப் பற்றி எழுதுகிறேன். அவற்றுக்கு இடையில் ஒரே ஒரு மாதம்தான். டி.வி. காட்டும் பெரிய விளையாட்டு விழாக்கள் ஏன் நம்மை இப்படி ஏமாற்றுகின்றன, நாம் ஏன் இப்படி ஏமாறுகிறோம் என்ற கேள்விக்கு அந்த இரண்டு இரவுகளிலும் பாதி விடை இருக்கிறது.

மெஸ்ஸுக்குப் பக்கத்து அறை, மரப்பெட்டிக்குள் ஒரு கலர் டி.வி., பெட்டிக்குப் பூட்டு, சாவி வார்டன் சாரிடம். இது போதும், மற்றது உங்களுக்கே ஞாபகம் வரும்.

முதல் இரவு

1996 பிப்ரவரி 11, ஞாயிற்றுக்கிழமை. வில்ஸ் உலகக் கோப்பையின் தொடக்க விழா கல்கத்தா ஈடன் கார்டனில் நடந்தது. இந்தியா, பாகிஸ்தான், இலங்கை மூன்றும் சேர்ந்து நடத்திய போட்டி. பன்னிரண்டு அணிகள். மைதானத்தில் லட்சம் பேருக்கு மேல் கூட்டம். லேசர் ஒளியில் அதிசயம் காட்டப் போகிறார்கள், இத்தாலியிலிருந்து நிபுணர் வந்திருக்கிறார் என்று முன்கூட்டியே ஊரெல்லாம் பேச்சு. டி.வி. அறையில் நிற்க இடமில்லை. கிரிக்கெட் பிடிக்காதவர்கள்கூட வந்திருந்தார்கள்.

நடந்தது என்ன? படங்கள் விழ வேண்டிய திரை, ஹூக்ளி நதிப் பக்கமிருந்து வந்த காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டது. திரை நிற்காவிட்டால் படம் எங்கே நிற்கும்? ஏதோ கோடுகள் வந்தன, போயின. தொகுத்து வழங்கிய நடிகர் சயீத் ஜாஃப்ரி அணிகளை அறிமுகம் செய்வதில் தடுமாறினார். "டேய், துணி காயப் போட்டிருக்காங்கடா!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். அறையே அதிர்ந்தது. ஏமாற்றம்தான், ஆனால் சிரித்துக்கொண்டே மெஸ்ஸுக்குப் போனோம்.

இதற்கு இரண்டு நாள் கழித்து நடந்ததை யாரும் அவ்வளவாக விளம்பரம் செய்யவில்லை. ஜனவரி 31 அன்று கொழும்பில் மத்திய வங்கியில் குண்டு வெடித்ததால், ஆஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் அங்கே வந்து ஆட மறுத்திருந்தன. இலங்கைக்குத் துணை நிற்பதற்காக இந்திய, பாகிஸ்தான் வீரர்கள் ஒரே அணியாகச் சேர்ந்து, பிப்ரவரி 13 அன்று கொழும்புக்குப் போய் ஆடினார்கள். டெண்டுல்கரும் வாசிம் அக்ரமும் ஒரே அணியில்! லேசரும் இல்லை, நடிகரும் இல்லை. அந்த உலகக் கோப்பையின் மிகப் பெரிய காட்சி அதுதான் என்று இன்று நினைக்கிறேன். அன்று நாங்கள் அதைப் பெரிதாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

காட்சி எப்படி சரக்கானது?

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1982இல் டில்லி ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டித்தான் நம் நாட்டுக்குக் கலர் டி.வி. வந்தது. அடுத்த ஆண்டு உலகக் கோப்பையில் ஜிம்பாப்வேக்கு எதிராகக் கபில்தேவ் ஆட்டமிழக்காமல் 175 ரன் எடுத்தார். அந்த ஆட்டத்தை யாரும் படம் பிடிக்கவில்லை. இன்றுவரை ஒருவரும் திரும்பப் பார்க்க முடியாத அந்த ஆட்டத்தைப் பற்றி "நல்லாவே இல்லப்பா" என்று சொன்ன ஒருவரையும் நான் பார்த்ததில்லை!

அப்போது ஒளிபரப்பு என்றால் தூர்தர்ஷன்தான். ஆட்டத்தைக் காட்ட வேண்டுமானால் கிரிக்கெட் வாரியம் எங்களுக்குப் பணம் கட்ட வேண்டும் என்று அது கேட்ட காலமும் உண்டு. 1993இல் ஹீரோ கோப்பைப் போட்டியின் உரிமையை வங்காள கிரிக்கெட் சங்கம் ஒரு வெளிநாட்டு நிறுவனத்துக்குக் கொடுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 1995 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது: வானலைகள் பொதுச் சொத்து, அரசுக்கு மட்டுமே உரியவை அல்ல. நண்பர்களே, இந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இதற்குத் திரும்பி வருகிறேன்.

தீர்ப்பு வந்த மறு ஆண்டே உலகக் கோப்பை. அதன் ஒளிபரப்பு உரிமை ஒரு கோடி டாலருக்கு விலை போனது. பணம் போட்டவன் எடுக்க வேண்டும் அல்லவா? விளம்பரதாரர்கள் வந்தார்கள். ஒரு குளிர்பானம் "அதிகாரபூர்வ பானம்" என்று பட்டம் வாங்கியது. போட்டிக் கம்பெனி அந்தப் பட்டத்தையே கேலி செய்து விளம்பரம் எடுத்தது. ஒவ்வொரு ஓவருக்கும் இடையில் நம் வீரர்கள் ஏதாவது ஒன்றைக் குடித்துக்கொண்டே இருந்தார்கள். மொத்தத்தில் அவர்கள் நமக்கு விற்றது ஆட்டத்தை அல்ல, வெற்றியை. ஆட்டத்தை வாங்கியவன் தோற்றாலும் பார்த்துவிட்டுப் போவான். வெற்றியை முன்பணம் கொடுத்து வாங்கியவன், அது கிடைக்காவிட்டால் கடையை உடைப்பான்.

இரண்டாம் இரவு

மார்ச் 13, புதன்கிழமை. அதே ஈடன் கார்டன், அரையிறுதி, இலங்கைக்கு எதிராக. டாஸ் வென்ற அசாருதீன் இலங்கையை முதலில் ஆடச் சொன்னார். முதல் ஓவரிலேயே கலுவிதரணாவும் ஜெயசூர்யாவும் அவுட்! அறையில் ஆட்டம் பாட்டம்தான். அப்புறம் அரவிந்த டி சில்வா வந்து 66 ரன் அடித்தார். இலங்கை 8 விக்கெட்டுக்கு 251.

நாம் 1 விக்கெட்டுக்கு 98 என்று நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தோம். டெண்டுல்கர் 65இல் ஸ்டம்பிங் ஆனார். அதன்பின் ஆடுகளத்தில் பந்து திரும்பிய திருப்பம் எங்களுக்குப் புரியவே இல்லை. 22 ரன்களுக்குள் ஏழு விக்கெட் போய்விட்டன. 8 விக்கெட்டுக்கு 120. மைதானத்தில் பாட்டில்கள் பறந்தன. இருக்கைகளுக்குத் தீ வைத்தார்கள். நடுவர் கிளைவ் லாயிட் அணிகளை உள்ளே அழைத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடி அனுப்பிப் பார்த்தார். மறுபடியும் பாட்டில். ஆட்டம் இலங்கைக்கு என்று அறிவித்துவிட்டார். 10 ரன்னோடு நின்றிருந்த வினோத் காம்ப்ளி அழுதுகொண்டே வெளியேறியது நம் தலைமுறை மறக்காத படம்.

ஈடன் கார்டனுக்குக் கலவரம் புதிதல்ல. 1967 புத்தாண்டு தினத்தன்று, மேற்கிந்தியத் தீவுகளுடனான டெஸ்ட்டின்போது அங்கே பெரிய கலவரம் நடந்தது. இடத்துக்கு மேல் டிக்கெட் விற்றதுதான் அதன் வேர். அன்றைய கோபம், காசு கொடுத்தும் உட்கார இடம் இல்லையே என்பது. 1996இல் எல்லோருக்கும் இடம் இருந்தது, டி.வி. முன்னாலும் இருந்தது. இருந்தும் எரிந்தது.

இனி எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும். அன்றிரவு நம் டி.வி. அறையிலும் ஒரு எவர்சில்வர் டம்ளர் பறந்தது. டி.வி.யின் ஓரத்தில் பட்டு, குமிழ் உடைந்து, படம் நின்றுபோயிற்று. மறுநாள் வார்டன் சார் "யாருடா அது?" என்று வரிசையில் நிறுத்திக் கேட்டார். கடைசி ஆண்டு வேதியியல் அண்ணன் ஒருவர் ஒரு அடி முன்னால் வந்து, "நான்தான் சார், கை தவறிடுச்சு" என்றார். பழுது பார்த்த செலவை அவரே கட்டினார். அவர் அன்று டம்ளரையே தொடவில்லை. எறிந்தவன் நான். அப்போது நான் முதலாண்டு. வாய் திறக்கவில்லை.

டி.வி. பழுதுக்குப் போனதால் மார்ச் 17 லாகூர் இறுதிப் போட்டியை நாங்கள் பார்க்கவே இல்லை. ஒரு டிரான்சிஸ்டரைச் சுற்றி முப்பது பேர். ஆஸ்திரேலியாவின் 241 ரன்னை இலங்கை ஏழு விக்கெட் வித்தியாசத்தில் தாண்டியது. அரவிந்த டி சில்வா மூன்று விக்கெட் எடுத்து, ஆட்டமிழக்காமல் 107 ரன்னும் எடுத்தார். அப்படி ஒரு ஆட்டத்தை, நாமே எறிந்த டம்ளரால் இழந்தோம். ஈடன் கார்டனில் பாட்டில் எறிந்தவர்களுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? நான் எறிந்தது கொஞ்சம் சின்னது, அவ்வளவுதான்.

சேப்பாக்கம் எழுந்து நின்றது

ஏமாந்தால் இப்படித்தான் நடக்க வேண்டும் என்று விதி இல்லை. 1999 ஜனவரி 31, சேப்பாக்கம். பாகிஸ்தானுக்கு எதிரான டெஸ்ட். முதுகு வலியோடு டெண்டுல்கர் 136 ரன் எடுத்து, வெற்றியைத் தொடும் தூரத்தில் அவுட் ஆனார். மிச்ச விக்கெட்டுகளும் சரிந்து, 12 ரன்னில் தோற்றோம். மைதானமே ஒரு கணம் அடங்கிப்போனது. அப்புறம் மக்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். பாகிஸ்தான் வீரர்கள் மைதானத்தைச் சுற்றி வந்து அந்த மரியாதையை ஏற்றுக்கொண்டார்கள்.

"பாத்தியா, நம்ம ஊர்க்காரன்!" என்று மார்தட்ட இதைச் சொல்லவில்லை. 2018 ஏப்ரலில் அதே சேப்பாக்கத்தில், காவிரிப் போராட்ட நேரத்தில், வீரர்களை நோக்கிச் செருப்பு வீசப்பட்டதும் நடந்ததுதான். ஊர் காரணமல்ல. 1999இல் நான்கு நாளும் வந்து உட்கார்ந்த ரசிகர்களுக்கு, எதிரணி எவ்வளவு உழைத்து ஜெயித்தது என்று கண்ணுக்குத் தெரிந்திருந்தது. அவர்கள் வாங்கியது ஆட்டத்தை.

நட்சத்திரங்கள் வந்தார்கள்

1996 நவம்பரில் பெங்களூர் சின்னசாமி கிரிக்கெட் மைதானத்திலேயே உலக அழகிப் போட்டி நடந்தது. நடத்தியது அமிதாப் பச்சனின் நிறுவனம். எதிர்ப்புகள் ஒருபக்கம், நிறுவனத்துக்கு நஷ்டம் ஒருபக்கம். அப்போது மைதானத்துக்கு அழகிகள் வந்தது செய்தி. 2008இல் ஐ.பி.எல். அதே மைதானத்தில் தொடங்கியபோது, நட்சத்திரங்கள் இல்லாமல் ஆட்டமே இல்லை என்றாகியிருந்தது. நடிகர்கள் அணி முதலாளிகள் ஆனார்கள். ஆட்டத்தின் நடுவே "வியூக இடைவேளை" வந்தது. வியூகம் யாருக்கு? விளம்பரத்துக்குத்தான். 2023 முதல் 2027 வரை ஐந்து ஆண்டு ஐ.பி.எல். ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி ரூபாய்க்குப் போனது. ஒரு கோடி டாலரில் தொடங்கிய கதை இது.

நடுவில் நம்பிக்கையே உடைந்த தருணங்கள் உண்டு. 2000இல் ஹான்ஸி குரோனியே பணம் வாங்கியதை ஒப்புக்கொண்டார். 2013இல் ஐ.பி.எல். சூதாட்ட வழக்கு வந்தது. 2015இல் சென்னை, ராஜஸ்தான் அணிகளுக்கு இரண்டாண்டு தடை விதிக்கப்பட்டது. "இனிமே கிரிக்கெட்டே பாக்க மாட்டேன்" என்று சொன்னவர்கள் நம்மில் எத்தனை பேர்! மறு வாரமே ஸ்கோர் கேட்டவர்களும் நாம்தான்.

2025 ஜூன் 4 அன்று நடந்ததை நினைத்தால் கை நடுங்குகிறது. பெங்களூர் அணி முதல் தடவையாக ஐ.பி.எல். கோப்பையை வென்ற மறுநாள். அவசர அவசரமாக ஏற்பாடு செய்த பாராட்டு விழா. அதே சின்னசாமி மைதானத்தின் வாசல்களில் நெரிசலில் 11 பேர் இறந்தார்கள். அங்கே ஆட்டமே இல்லை, நண்பர்களே. ஆட்டம் முந்தின நாளே வேறு ஊரில் முடிந்துவிட்டது. நட்சத்திரங்களைப் பார்க்கப் போனவர்கள் அவர்கள். லேசர் காட்சி கெட்டபோது சிரித்துவிட்டு மெஸ்ஸுக்குப் போக முடிந்தது. இதற்கு என்ன செய்வது?

தம்பி தங்கையருக்கு

நான் ஆட்டம் பார்க்காதீர்கள் என்று சொல்ல வரவில்லை. நான் இன்றும் பார்க்கிறேன், என் மகளும் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறாள். இரண்டே விஷயங்கள் சொல்கிறேன்.

ஒன்று, வானலைகள் பொதுச் சொத்து என்று தீர்ப்பு இருக்கிறது. தேச முக்கியத்துவம் உள்ள ஆட்டங்களைத் தூர்தர்ஷனோடு பகிர வேண்டும் என்று 2007இல் சட்டமும் வந்தது. அதாவது பார்ப்பவனுக்கும் உரிமை உண்டு. விழா நடத்துபவர்களிடம் கணக்கு கேளுங்கள், வாசலில் பாதுகாப்பு கேளுங்கள். கோபம் வந்தால் அது அங்கே போகட்டும், தோற்ற பையன் மீது வேண்டாம்.

இரண்டு, விளம்பரம் வெற்றியை விற்கும். நீங்கள் ஆட்டத்தை வாங்குங்கள். எதிரணியில் ஒரு அரவிந்த டி சில்வா அடிக்கும்போது கை தட்டத் தெரிந்தவனை யாராலும் முழுதாக ஏமாற்ற முடியாது.

கடைசியாக, வேதியியல் அண்ணனுக்கு. அண்ணே, நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. இந்த மலர் உங்கள் கைக்கு வரும் என்று நம்புகிறேன். சந்திப்பு அன்று மெஸ் வாசலில் நிற்பேன். அந்தப் பழுதுச் செலவு எவ்வளவு என்று அன்று கேட்கக்கூட எனக்குத் துணிச்சல் இல்லை. இப்போது கேட்கிறேன், வந்து சொல்லுங்கள். வட்டியோடு தருகிறேன். கூடவே ஒரு எவர்சில்வர் டம்ளர் காபியும்.